கரன்ட் வண்டி காடு மேடு ஏறுமா? உங்களுக்குத் தெரியுமா?

சென்னையிலிருந்து திருத்தணி போகும் வழியில், கனகம்மாசத்திரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற மின்சார ஸ்கூட்டர்களைக் காட்டி ஓர் இளைஞர் கேட்டார்: “ஊருக்குள்ள ஓட்ட இது சரிண்ணே. மலை, காடு, வெளிமாநிலம்னு கிளம்பினா நட்டாத்துல விட்டுடாதா?” நியாயமான கேள்வி. அங்கிருந்து திருவாலங்காடு போய்ச் சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன். இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அவருக்காக.

★ கயிலைக்குக் காலால் நடந்து போகக் கூடாது என்று தலையால் நடந்தவர் காரைக்கால் அம்மையார். அங்கே இறைவன் அவருக்குக் காட்டிய ஊர் திருவாலங்காடு. காரைக்காலில் தொடங்கி இமயம் தொட்டு இந்த ஊரில் நிறைந்த அந்தப் பயணத்தைவிட நீண்ட, கடினமான யாத்திரைக் கதை தமிழில் வேறெது? தொலைதூரப் பயணத்தைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

★ சாலையே இல்லாத நிலத்தில் மனிதன் ஓட்டிய வண்டிகளிலேயே மிகத் துணிச்சலானது ஒரு மின்சார வண்டி. 1971 ஜூலையில் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் நிலாவில் ஓட்டிய ‘லூனார் ரோவர்’ அது. பூமியில் அதன் எடை 210 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார். ஒவ்வொன்றும் கால் குதிரைத்திறன். டயர் கிடையாது, துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியில் பின்னிய வலைச் சக்கரம். வெள்ளி-துத்தநாக பேட்டரி, ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி ஏற்ற முடியாது. அப்பல்லோ 15, 16, 17 ஆகிய மூன்று பயணங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பல்லோ 17-ல் மட்கார்டு உடைந்துபோய், நிலாத் தூசி மேலெல்லாம் வாரியடித்தது. வீரர்கள் கையிலிருந்த வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டி, அதையே மட்கார்டாக மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

நிலாவில் பெட்ரோல் எரியக் காற்று கிடையாது. மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும்போது மறுபடி வரும்.

★ நிலாவில் ஓடிய நம் பிரக்யானும் மின்வண்டிதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. அதிலிருந்து உருண்டு வந்த இந்த ஆறு சக்கர வண்டி 26 கிலோ எடை. சூரிய ஒளியில் கிடைத்த 50 வாட் மின்சாரத்தில் 100 மீட்டர் ஓடியது. நம் வீட்டு மின்விசிறி ஒன்று அதைவிட அதிக மின்சாரம் இழுக்கும்! நிலா மண்ணைப் போன்ற மண்ணில் ஓட்டிப் பார்த்துத் தேற வேண்டுமே, அந்த மண்ணுக்கான அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து போனது.

★ நான்கு சக்கரத்துக்கும் நான்கு மோட்டார் வைப்பது புதிய யோசனை என்று நினைக்கிறோம். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-லேயே செய்துவிட்டார். லோனர்-போர்ஷே வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் குடத்துக்குள்ளும் ஒரு மோட்டார் இருந்தது. பேட்டரி மட்டும் 1,800 கிலோ. அந்த எடைதான் அன்றைக்கு அதை வீழ்த்தியது. இன்றைக்கும் முழுதாகத் தீராத பிரச்சினை அதுவே.

★ திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வெட்டும் காலத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: டிரெய்லர் நிறையக் கட்டு ஏற்றிய டிராக்டர், நின்ற இடத்திலிருந்து நகர எவ்வளவு உறுமுகிறது! டீசல் இன்ஜினுக்கு முழு இழுவிசை வர அது குறிப்பிட்ட வேகத்தில் சுழல வேண்டும். அதனால்தான் கிளட்ச், கியர் எல்லாம். மின்மோட்டாருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. சுழலத் தொடங்கும் முதல் நொடியிலேயே முழு இழுவிசையையும் கொடுத்துவிடும். பாறை ஏறவும், குழியிலிருந்து அங்குலம் அங்குலமாக வெளியே வரவும் வேண்டிய குணம் இதுதான். சக்கரம் வழுக்கினால் நொடியில் ஒரு சின்னப் பங்குக்குள் விசையைக் குறைத்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்குத் தள்ளவும் முடிகிறது.

2025 ஜூனில் டாடா நிறுவனம் ஹாரியர் இவி வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் அதைக் கேரளத்தின் வாகமண் பக்கம் ஆனைப்பாறை மேல் ஏற்றிக் காட்டினார்கள். முன்னும் பின்னும் இரண்டு மோட்டார். இழுவிசை 504 நியூட்டன் மீட்டர். கைதேர்ந்த ஓட்டுநர் ஓட்டிய விளம்பரப் படம்தான், மறுக்கவில்லை. ஆனால் இழுவையைப் பற்றிய சந்தேகம் இனி யாருக்கும் வேண்டாம் என்பது என் கருத்து.

★ திருவாலங்காட்டுக்கு இன்னொரு புகழ், 1905-ல் இங்கே கிடைத்த செப்பேடுகள். 31 ஏடுகள். பழையனூர் என்ற ஊரை இங்குள்ள சிவன் கோயிலுக்குக் கொடுத்த முதலாம் ராஜேந்திர சோழனின் ஆணை அவற்றில் இருக்கிறது. அவன் படை கங்கை வரை போய் வந்த வரலாறும் இருக்கிறது. வழியில் குறுக்கிட்ட ஆறுகளை எப்படிக் கடந்தார்கள்? யானைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றையே பாலமாக்கிக் கடந்ததாகச் செப்பேடு சொல்கிறது!

ஆறு கடப்பது இன்றைக்கும் காட்டுப் பயணத்தின் பெரிய சோதனை. பெட்ரோல், டீசல் வண்டியின் காற்றுக் குழாயில் தண்ணீர் ஏறினால் இன்ஜின் அங்கேயே காலி. அதனால்தான் ஜீப்புகளில் கூரை உயரத்துக்கு ஒரு குழாயை நீட்டிவிடுகிறார்கள். மின்வண்டிக்கு மூச்சுக் குழாயே இல்லை. புகைக் குழாயும் இல்லை. மெர்சிடஸ் ஜி-வேகன் இன்ஜின் வண்டி 700 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம். அதே வண்டியின் மின்சார வடிவம் 850 மி.மீ. வரை இறங்கும். ஹாரியர் இவிக்கு 600 மி.மீ.

‘கரன்ட்டும் தண்ணீரும் சேர்ந்தால் ஆபத்தில்லையா?’ என்று அம்மாக்கள் கேட்பது சரியான கேள்வி. பேட்டரிப் பெட்டியில் ‘ஐபி 67’ என்ற தரக் குறியீடு இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். அரை மணி நேரம்தான். ஒரு நாள் முழுக்க வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அந்த உறுதி கிடையாது. அடிப்பாகம் பாறையில் பலமாக இடித்திருந்தாலும் கிடையாது. அப்படி நேர்ந்த வண்டியைச் சார்ஜ் போடாமல், ஸ்டார்ட் செய்யாமல், மெக்கானிக்கிடம் காட்டுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

★ செப்பேடு என்றதும் இன்னொன்று. மோட்டாருக்குள் சுற்றியிருப்பதும் செம்புதான். பெட்ரோல் காரில் இருபது கிலோவுக்குச் சற்று மேல் செம்பு இருக்கும். மின்காரில் எண்பது கிலோ அளவுக்கு.

★ கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். நிலாவிலேயே ஓடிய மோட்டாருக்கு இமயம் ஒரு பொருட்டல்ல. மணாலியிலிருந்து 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய்க்கு இமாச்சல அரசு 2017-லேயே மின்சாரப் பேருந்து விட்டது.

உயரம் மோட்டாரைத் தொடாது. அங்குள்ள குளிர் பேட்டரியைத் தொடும். கடுங்குளிரில் ஒரு சார்ஜில் போகும் தூரம் கால்பங்குக்கு மேலும் குறையலாம்.

★ மலைச்சாலையில் மின்வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க இமயம் வரை போக வேண்டாம். திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போனால் போதும். 2022 செப்டம்பரிலிருந்து திருப்பதி-திருமலை இடையே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. அடிவாரத்திலிருந்து கோயில் வரை ஏறத்தாழ 700 மீட்டர் ஏற்றம். ஒரு கணக்குப் போடுவோம். 13 டன் எடையுள்ள பேருந்தை அவ்வளவு உயரம் தூக்க, உராய்வைக் கழித்துப் பார்த்தால், சுமார் 25 யூனிட் மின்சாரம். இரண்டு டன் காருக்கு 4 யூனிட்டுக்கும் குறைவு.

இறக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. டீசல் வண்டி இறங்கும்போது, ஏறிய உயரமெல்லாம் பிரேக் சூடாகி வீணாகிறது. மின்வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே பேட்டரியை நிரப்புகிறது. ஏறச் செலவழித்ததில் கணிசமான பங்கு திரும்பி வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பேட்டரி சதவீதம் குறைவதற்குப் பதில் கூடுவதைப் பார்க்கும் மகிழ்ச்சியே தனி. பிரேக் தீயும் வாசனையும் இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் தவற விடுகிறார்கள். மலை உச்சி லாட்ஜில் இரவு தங்கி 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு காலையில் இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டார் பிரேக் சரியாகப் பிடிக்காது. முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். உச்சியில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

★ ஆகாத இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 50 லிட்டர் டேங்க் என்றால் 450 யூனிட். ஹாரியர் இவியின் பெரிய பேட்டரியே 75 யூனிட்தான். ஆறு மடங்கு வித்தியாசம் என்று பயந்துவிட வேண்டாம். இன்ஜின் அதில் முக்கால் பங்கை வெப்பமாகக் காற்றில் விட்டுவிடுகிறது, மோட்டார் பத்தில் ஒரு பங்கைத்தான் இழக்கிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவதை ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு மடங்குக்குள் வந்துவிடும்.

ஆனால் பெட்ரோல் பங்க்கில் 50 லிட்டர் நிரப்ப மூன்று நிமிடம். 60 கிலோவாட் வேகச் சார்ஜரில் 50 யூனிட் ஏற ஒரு மணி நேரம். பெட்ரோலைக் கேனில் பிடித்து ஜீப்பின் பின்னால் கட்டிக்கொண்டு போகலாம், மின்சாரத்தை எந்தக் கேனில் பிடிப்பது? மணலிலும் சேற்றிலும் செலவு இரண்டு மடங்காகலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஊர் வாசனையே இல்லாத பாலைவனத்தில் ஐந்து நாள், பனிமலையில் பத்து நாள் என்று போகிறவர்களுக்கு மின்வண்டி இன்றைக்குச் சரிப்படாது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

★ 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி, தன் கணவர் செய்த மோட்டார் வண்டியில் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகில் இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குப் போய், கறை நீக்கும் திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார்.  வழியில் சார்ஜர் இல்லையே என்று இன்றைக்குச் சலித்துக்கொள்கிறவர்கள் அந்த மருந்துக்கடையை நினைத்துக்கொள்ளலாம். முதலில் வண்டி போனது, பங்க் பின்னால் வந்தது.

★ 2023 பிப்ரவரியில் டாடா நெக்ஸான் இவி, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு 4,003 கிலோமீட்டரை 95 மணி 46 நிமிடத்தில் கடந்தது. சார்ஜ் போட நின்ற நேரமும் அதில் அடக்கம்.

★ நடிகர் யுவான் மெக்ரிகரும் நண்பர் சார்லி பூர்மனும் 2019-ல் தென் அமெரிக்காவின் தென்கோடி உசுவாயாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை மின்சார ஹார்லி-டேவிட்சன் பைக்குகளில் போனார்கள். 13 நாடுகள், நூறு நாளுக்கு மேல். கூடவே வந்தவை ரிவியன் மின் பிக்கப்புகள். வழிநெடுக முன்கூட்டியே சார்ஜர்கள் பொருத்தித் தரப்பட்டன. அப்படியும் குளிரில் சார்ஜ் ஏறாமல் தவித்த இரவுகள் உண்டு. அந்தப் பயணத்தைப் படம்பிடித்த தொடரைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: பைக் மலையேறத் திணறவே இல்லை, இரவில் பிளக் தேடித்தான் திணறினார்கள்.

இன்னும் துணிந்தவர்கள் ஸ்காட்லாந்துத் தம்பதி கிறிஸ் ராம்ஸி, ஜூலி ராம்ஸி. 2023 மார்ச்சில் வட காந்த துருவம் 1823-ல் இருந்த இடத்திலிருந்து நிசான் ஆரியா காரில் புறப்பட்டு, டிசம்பரில் தென் துருவத்தைத் தொட்டார்கள். ஏறக்குறைய 30,000 கி.மீ. 39 அங்குல டயர் மாட்டினார்கள். பேட்டரியும் மோட்டாரும் கம்பெனியில் வந்தபடியே.

★ இமயமலைப் பயணம் என்றாலே நம் இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது 1955 முதல் சென்னையில் தயாராகும் என்ஃபீல்டு. அந்த ராயல் என்ஃபீல்டு, 2023 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மின்சார ‘ஹிமாலயன்’ பைக்கின் சோதனை வடிவத்தைக் காட்டியது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்ற மின்பைக்கை அறிமுகம் செய்தது. பெயர் பழையது: இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காக விமானத்திலிருந்து இறக்கப்பட்ட அவர்களுடைய 125 சிசி குட்டி பைக்கின் பெயர்.

★ டாக்கர் பாலைவன ராலியில் 2024-ல் வென்றது ஆடி ஆர்எஸ் க்யூ இ-ட்ரான். சக்கரங்களைச் சுழற்றியது முழுக்க மோட்டார். உள்ளே ஒரு பெட்ரோல் இன்ஜினும் இருந்தது. அதன் வேலை ஜெனரேட்டர் வேலை மட்டும். பாலைவனத்துக்கு இதுவே நடைமுறை வழி என்று எனக்குப் படுகிறது.

★ குளிரைச் சொன்னோம், வெயிலைச் சொல்ல வேண்டாமா? அக்னி நட்சத்திர நாட்களில் தமிழகத்தின் உச்ச வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி முதலிடத்தில் நிற்கும். லித்தியம் பேட்டரிக்குப் பிடித்தது நமக்குப் பிடித்த அதே வெப்பம்தான், 20 முதல் 35 டிகிரி வரை. மே மாத நண்பகலில் வேகமாக ஓட்டி வந்து உடனே வேகச் சார்ஜரில் செருகினால், பேட்டரியைக் காக்க வண்டியே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நிழலில் விடுங்கள். ஆலமரக் காடாக இருந்ததால் அந்தப் பெயர் பெற்ற ஊர் திருவாலங்காடு. நிழலின் அருமையை இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

★ அமெரிக்காவின் மின்சார ஹம்மர் நான்கு டன்னுக்கு மேல் எடை. அதில் பேட்டரி மட்டும் 1.3 டன். அதாவது நம் ஊர்ச் சின்னக் கார் ஒன்றைவிட அதன் பேட்டரி கனம்! கெட்டிப் பாறையில் எடை பாதகமில்லை. கொசஸ்தலை ஆற்று மணல் மாதிரி இடத்தில் அது புதையும். டயர் காற்றைக் குறைத்து, சீரான வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் கடக்க வேண்டும்.

★ மாட்டிக்கொண்ட மின்காரைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்துப் போகக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும்; உள்ளிருக்கும் மின்னணுப் பாகங்கள் கருகலாம். குழியிலிருந்து நாலடி வெளியே இழுப்பது வேறு. ஊருக்குக் கொண்டுபோக, நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரி மேல் ஏற்றுங்கள்.

★ ம.பொ.சி. உள்ளிட்டோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த எல்லையைத் தாண்டி நகரிக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகையின் எழுத்து மாறும்; கார் சார்ஜரின் முனை மாறாது. நாடு முழுக்க இன்று விற்கும் மின்கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘சிசிஎஸ்-2’ முனைதான். இருசக்கர வாகனங்களில்தான் ஆளுக்கொரு முனை என்ற குழப்பம். ஏதர் நிறுவனம் உருவாக்கிய முனையை 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்டது. மற்றவர்களும் அதற்கு வந்தால் பைக் பயணிகள் பிழைப்பார்கள்.

அதுவரை கைகொடுப்பது ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக். பத்து மணி நேரத்தில் 30 யூனிட் ஏறிவிடும். காருக்கு 200 கிலோமீட்டர் வரை வரலாம். லாட்ஜில் அறை எடுக்கும்முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் பல வண்டிகள் சார்ஜ் ஏற மறுத்துவிடும். பிளக்கைப் பயன்படுத்தியதற்குக் கேட்காமலே பணம் கொடுங்கள்.

★ பேட்டரியே இல்லாமல் நெடுந்தூரம் போகும் மின்வண்டி ஒன்று திருவாலங்காடு வழியாகத் தினமும் போகிறது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் இது. நிலக்கரியும் டீசலும் பார்த்த அந்தத் தடத்தில் இப்போது மின்சார ரயில்கள். பெரம்பூர் ஐசிஎஃப்பில் பிறந்த வந்தே பாரத் 2022 நவம்பர் முதல் மைசூருக்கு இந்த வழியாகவே பறக்கிறது. பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தரும் ரயில் அது. திருமலையிலிருந்து இறங்கும் பேருந்து செய்கிற அதே வேலை.

★ சத்தமில்லாத வண்டி என்பதற்காகக் காட்டுக்குள் கேட்காமல் நுழையலாமா? கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது எந்த வண்டியில் போனாலும் குற்றம். சத்தம் கேட்டு விலகிப் போகும் யானைக்கு மின்பைக் வருவது தெரியாது. திடீரென்று எதிரே நின்றால் யாருக்கு ஆபத்து? ஏரிக்கரையிலும் ஆற்றுப் படுகையிலும் சக்கரம் பதித்து விளையாடுவதும் வேண்டாம். கரை உடைந்தால் அழிவது விவசாயியின் பயிர்.

★ அந்த இளைஞருக்கு என் பதில் இது. சென்னையிலிருந்து திருத்தணி சுமார் 85 கிலோமீட்டர். போய்வர 170. இன்றைய நடுத்தர மின்கார் எதுவும் ஒரே சார்ஜில் போய்த் திரும்பும். வழியில் திருவாலங்காட்டில் அம்மையாரை வணங்குங்கள். திருத்தணி மலைச்சாலையில் ஏறும் முன் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை பேட்டரி சதவீதத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லடாக் போகத் திட்டம் போடும்போது அந்த மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.